ஒரே தவறு, இரண்டு தண்டனை: ராணுவ ஒழுங்கில் பதவி என்ன செய்கிறது?

2004-ம் ஆண்டு ஈராக்கின் அபு கிரைப் சிறையில் அமெரிக்கப் படையினர் கைதிகளைக் கொடுமைப்படுத்திய படங்கள் வெளியாயின. அடுத்த சில ஆண்டுகளில் 11 படைவீரர்கள் தண்டிக்கப்பட்டார்கள். படங்களில் இருந்த ஒரு கார்ப்பொரலுக்கு 10 ஆண்டு சிறை, ஒரு ஸ்டாஃப் சார்ஜென்டுக்கு 8 ஆண்டு சிறை. அதே சிறையில் உளவுப் பிரிவுப் படைக்குத் தலைமை வகித்த கர்னலுக்குக் கிடைத்தது எழுத்து மூலமான கண்டனமும் 8,000 டாலர் பிடித்தமும். சிறைகளுக்குப் பொறுப்பாக இருந்த பிரிகேடியர் ஜெனரல், கர்னலாகப் பதவி இறக்கப்பட்டார். கோர்ட் மார்ஷலில் நிறுத்தப்பட்ட ஒரே அதிகாரி ஒரு லெப்டினன்ட் கர்னல். கைதிகளைக் கொடுமைப்படுத்தியது தொடர்பான குற்றச்சாட்டுகளிலிருந்து 2007-ல் அவர் விடுதலையானார். விசாரணையைப் பற்றி யாரிடமும் பேசக் கூடாது என்ற உத்தரவை மீறியதற்காக மட்டும் அவருக்கு ஒரு கண்டனம் கிடைத்தது. அதுவும் 2008-ல் ரத்தானது.

இப்படி ஒரு பட்டியலைப் படிக்கும் யாருக்கும் எழும் சந்தேகம் ஒன்றுதான்: கீழே இருப்பவனுக்கு ஒரு சட்டம், மேலே இருப்பவருக்கு ஒரு சட்டமா? இதற்கு ஒரே வரியில் பதில் சொல்ல முடியாது. சில வேறுபாடுகள் சட்டப் புத்தகத்திலேயே எழுதப்பட்டவை. சிலவற்றுக்குப் பின்னால் நியாயமான காரணம் உண்டு. வேறு சில, சட்டத்தில் எங்கும் எழுதப்படாமல், வழக்கு நீதிமன்றத்தை எட்டுவதற்கு முன்பே நடந்து முடிந்துவிடுகின்றன. என் பார்வையில் பெரிய அநீதி இந்தக் கடைசி வகையில்தான் இருக்கிறது. தீர்ப்புகளை மட்டும் ஒப்பிட்டுப் பார்ப்பவர்கள் கண்ணில் அது படுவதில்லை.

தண்டனை வரும் மூன்று வழிகள்

ராணுவத்தில் ஒருவர் தவறு செய்தால் அவர் மீது மூன்று வகையில் நடவடிக்கை எடுக்கலாம். நாட்டுக்கு நாடு பெயர் மாறினாலும் அமைப்பு கிட்டத்தட்ட ஒன்றுதான்.

1. சுருக்க விசாரணை. யூனிட்டின் கமாண்டிங் ஆபீசரே குற்றச்சாட்டைக் கேட்டு, அங்கேயே தண்டனை கொடுப்பது. தாமதமாக வருவது, உத்தரவை அலட்சியம் செய்வது போன்றவை பெரும்பாலும் இங்கேயே முடிந்துவிடும்.

2. கோர்ட் மார்ஷல். ராணுவ அதிகாரிகள் நீதிபதிகளாக அமரும் முறையான நீதிமன்றம். சிறை, பணிநீக்கம், சில நாடுகளில் மரண தண்டனை வரை போகும் அதிகாரம் இதற்கு உண்டு.

3. நிர்வாக நடவடிக்கை. இது தண்டனை என்ற பெயரில் வராது. பதவியிலிருந்து மாற்றுவது, அதிருப்தியைப் பதிவு செய்வது, ஓய்வுபெறச் சொல்வது, ஒப்பந்தத்தை நீட்டிக்காமல் விடுவது எல்லாம் இதில் சேரும்.

ஒரே தவறை இந்த மூன்றில் எந்த வழியில் அனுப்பினாலும் சட்டப்படி தப்பில்லை. எந்த வழி என்பதை முடிவு செய்பவர் ஒரு மேலதிகாரி. இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் எளிதில் புரியும்.

சட்டத்திலேயே இருக்கும் வேறுபாடு

பழைய காலத்து ராணுவங்களில் இந்த வேறுபாடு உடம்பிலேயே தெரிந்தது. பிரிட்டிஷ் ராணுவத்தில் சவுக்கடி 1881-ல்தான் ஒழிக்கப்பட்டது, அது சாதாரணச் சிப்பாய்க்கு மட்டுமே உரிய தண்டனை. அதற்குப் பதிலாக வந்த ஒரு களத் தண்டனையில், சிப்பாயைச் சக்கரத்திலோ கம்பத்திலோ கட்டி நிறுத்தினார்கள். முதல் உலகப் போர் முழுவதும் அது நடந்தது, 1923-ல்தான் நின்றது. அந்தப் போரில் பிரிட்டிஷ் ராணுவச் சட்டத்தின் கீழ் சுட்டுக் கொல்லப்பட்ட 346 பேரில் அதிகாரிகள் 3 பேர் மட்டுமே. களத்தை விட்டு ஓடியது, கோழைத்தனம் போன்ற குற்றங்களுக்காகச் சுடப்பட்ட 306 பேருக்கு 2006-ல் மன்னிப்பு வழங்கப்பட்டது.

சவுக்கும் கம்பமும் போய்விட்டன. ஆனால் தண்டனைப் பட்டியலை இரண்டாகப் பிரித்து வைக்கும் வழக்கம் போகவில்லை. 1950-ம் ஆண்டின் இந்திய ராணுவச் சட்டத்தை எடுத்துக்கொள்வோம். இதன் பல பிரிவுகள் பழைய பிரிட்டிஷ் சட்டத்தின் வழி வந்தவை.

பிரிவு 80-ன் கீழ், ஒரு ஜவானுக்கு, அதாவது அதிகாரியோ ஜேசிஓவோ (சுபேதார் போன்ற, அதிகாரிக்கும் ஜவானுக்கும் இடைப்பட்ட பதவி) அல்லாத ஒருவருக்கு, கமாண்டிங் ஆபீசர் தானாகவே 28 நாள் வரை ராணுவக் காவலில் சிறை கொடுக்கலாம். 14 நாள் சம்பளம் வரை அபராதமும் போடலாம். ஒரு அதிகாரியை கமாண்டிங் ஆபீசர் இப்படித் தண்டிக்கவே முடியாது. பிரிவு 83-ன் கீழ் பிரிகேட் கமாண்டர் அளவிலான ஒருவர்தான் விசாரிக்க வேண்டும். அவர் கொடுக்கக்கூடியது கண்டனம் அல்லது கடும் கண்டனம், இழப்பு இருந்தால் சம்பளப் பிடித்தம். பணிமூப்பைப் பறிப்பது போன்ற தண்டனைக்கு இன்னும் மேலே போக வேண்டும். அப்போதும், 'எனக்கு கோர்ட் மார்ஷலே நடத்துங்கள்' என்று கேட்கும் உரிமை அந்த அதிகாரிக்கு உண்டு. 28 நாள் சிறையை எதிர்நோக்கும் ஜவானுக்கு அந்த உரிமையைச் சட்டம் தரவில்லை.

குடிபோதை பற்றிய பிரிவு 48 இதைவிடத் தெளிவானது. போதையில் இருந்தவர் அதிகாரி என்றால், அதிகபட்சத் தண்டனை அவமானத்தோடு பதவி பறிப்பு. அதிகாரி அல்ல என்றால் 2 ஆண்டு வரை சிறை. பணியிலோ போர்க்களப் பணியிலோ இல்லாதபோது என்றால் 6 மாதம் வரை. குற்றம் ஒன்றுதான். ஒருவர் இழப்பது பதவி, இன்னொருவர் இழப்பது சுதந்திரம்.

கை நீட்டுவதற்கும் இப்படித்தான். மேலதிகாரியைத் தாக்கினால், அவர் கடமையில் இருந்தார் என்றால் 14 ஆண்டு வரை, இல்லையென்றால் 10 ஆண்டு வரை சிறை. இது பிரிவு 40. தனக்குக் கீழே உள்ளவரை அடித்தாலோ கொடுமைப்படுத்தினாலோ பிரிவு 47-ன்படி 7 ஆண்டு வரை. சட்டம் எழுதியவர்களுக்கு எதைப் பற்றிய பயம் அதிகம் என்பதை இந்த மூன்று எண்களே சொல்லிவிடுகின்றன.

இது இந்தியாவில் மட்டும் உள்ள விஷயம் அல்ல. அமெரிக்க ராணுவச் சட்டத்தில் 'சமரி கோர்ட் மார்ஷல்' என்ற சிறிய நீதிமன்றம் அதிகாரிகளை விசாரிக்கவே முடியாது. 15-வது விதியின் கீழ் ஒரு சிப்பாயின் பதவியை கமாண்டர் குறைக்கலாம், ஓர் அதிகாரியின் பதவியைக் குறைக்க முடியாது. பிரிட்டனிலும் சுருக்க விசாரணையில் காவல் தண்டனை என்பது அதிகாரி அல்லாதவர்களுக்கு மட்டுமே. ஆனால் இந்த இரு நாடுகளிலும், பொதுவாகச் சிப்பாயும் சுருக்க விசாரணையை மறுத்து முறையான நீதிமன்றத்தைக் கேட்கலாம். அமெரிக்காவில் கப்பலில் பணியாற்றுபவர்களுக்கு மட்டும் அந்த உரிமை இல்லை.

கமாண்டிங் ஆபீசரின் மேஜைக்கு முன்னால்

இந்தியச் சட்டத்தில் 'சமரி கோர்ட் மார்ஷல்' என்பது வேறு. பெயர் கோர்ட் மார்ஷல்தான், ஆனால் கமாண்டிங் ஆபீசர் ஒருவரே மொத்த நீதிமன்றமும். இரண்டு அதிகாரிகளோ ஜேசிஓக்களோ கூடவே உட்கார்ந்திருக்க வேண்டும். ஆனால் அவர்கள் உறுதிமொழி எடுப்பதில்லை, தீர்ப்பில் அவர்களுக்கு வாக்கும் இல்லை. குற்றம் சாட்டப்பட்டவர் உதவிக்கு ஒரு நண்பரை வைத்துக்கொள்ளலாம். அந்த நண்பர் ஆலோசனை சொல்லலாம், என்ன கேள்வி கேட்கலாம் என்று எடுத்துக் கொடுக்கலாம். ஆனால் சாட்சியை அவர் விசாரிக்கக் கூடாது, நீதிமன்றத்தைப் பார்த்து வாதாடவும் கூடாது.

அந்தக் காட்சியை நினைத்துப் பாருங்கள். தினமும் யாருக்கு சல்யூட் அடிக்கிறாரோ, யார் லீவு கொடுக்கிறாரோ, அவரே மேஜைக்குப் பின்னால் நீதிபதியாக உட்கார்ந்திருக்கிறார். சாட்சி சொல்ல வருபவர்களும் அவருக்குக் கீழே வேலை செய்பவர்கள். குற்றம் சாட்டப்பட்ட ஜவான், குறுக்கு விசாரணையைத் தானே செய்ய வேண்டும். விசாரிப்பவர் லெப்டினன்ட் கர்னலோ அதற்கு மேலோ என்றால் ஓராண்டு வரை சிறை கொடுக்கலாம். தீர்ப்புக்குப் பொதுவாக யாருடைய உறுதிப்படுத்தலும் தேவையில்லை, உடனே நிறைவேற்றலாம். கோப்பு பிறகு மேலே போகும், மேலதிகாரி ரத்து செய்யலாம். அதற்குள் அவர் சிறையில் இருப்பார்.

இந்த நீதிமன்றத்துக்கு அதிகாரிகளையும் ஜேசிஓக்களையும் விசாரிக்க அதிகாரம் கிடையாது. அதிகாரி ஒருவரை விசாரிப்பது 'ஜெனரல் கோர்ட் மார்ஷல்'. குறைந்தது 5 அதிகாரிகள் அமர வேண்டும், சட்டம் தெரிந்த ஒரு ஜட்ஜ் அட்வகேட் கூடவே இருக்க வேண்டும், வக்கீல் வைத்துக்கொள்ளலாம், தீர்ப்பு மேலிடத்தில் உறுதியான பிறகே அமலாகும்.

இதெல்லாம் எப்படித் தவறாகப் போகலாம் என்பதற்கு, 1987-ல் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்த்த ஒரு வழக்கு போதும். சிக்னல் பிரிவைச் சேர்ந்த ஒரு ஜவான், தன் அதிகாரி மீது நேரடியாக மேலிடத்துக்குப் புகார் அனுப்பினார். முறையான வழியில் அனுப்பவில்லை என்று அவருக்கு 28 நாள் சிறை. அந்தச் சிறையில் இருக்கும்போது, 1985 மே மாதம், அன்றைய பணியில் இருந்த சுபேதார் அவரைச் சாப்பிடச் சொன்னார், அவர் சாப்பிடவில்லை. உத்தரவை மீறிய குற்றத்துக்காக சமரி கோர்ட் மார்ஷல் கூடியது. அவர் யார் மீது புகார் கொடுத்தாரோ அதே அதிகாரியும் அதில் அமர்ந்திருந்தார். தண்டனை: ஓராண்டு கடுங்காவல், பணிநீக்கம்.

உச்ச நீதிமன்றம் இதை ரத்து செய்தது. பாரபட்சம் இருக்கக்கூடும் என்று ஒருவர் நியாயமாகவே நினைக்கும் நிலை, குற்றத்துக்குச் சற்றும் பொருந்தாத தண்டனை ஆகிய இரண்டையும் அது சுட்டிக்காட்டியது. தண்டனையின் அளவையே நீதிமன்றம் கேள்வி கேட்கலாம் என்பதற்கு இன்றும் மேற்கோள் காட்டப்படும் தீர்ப்பு இது. ஆனால் தீர்ப்பு வந்தபோது அந்த ஜவான் தன் ஓராண்டுச் சிறையை முழுக்க அனுபவித்து முடித்திருந்தார். சாப்பிட மறுத்த ஒரு அதிகாரிக்கு, சட்டத்தின் அமைப்பே இதைச் செய்ய இடம் கொடுத்திருக்காது.

சிவப்பு மையின் கணக்கு

சின்னத் தண்டனைதானே, 28 நாள்தானே என்று நினைக்கத் தோன்றும். இந்திய ராணுவத்தில் சில வகைத் தண்டனைகள் ஜவானின் ஆவணத்தில் சிவப்பு மையில் பதிவாகும். அப்படி 4 பதிவுகள் சேர்ந்துவிட்டால், ராணுவத்துக்கு வேண்டாதவர் என்று அவரைப் பணியிலிருந்து விடுவிக்கும் நடைமுறையைத் தொடங்கலாம். ஜவானுக்கு பென்ஷன் கிடைக்க 15 ஆண்டுப் பணி தேவை. 12-வது ஆண்டில் நான்காவது சிவப்புப் பதிவு விழுந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றுமே இல்லாத நான்கு தவறுகள், சேர்ந்து ஒரு குடும்பத்தின் வாழ்நாள் வருமானத்தை எடுத்துக்கொண்டு போய்விடுகின்றன.

2015-ல் உச்ச நீதிமன்றம் இதில் தலையிட்டது. நான்கு பதிவு இருக்கிறது என்பதற்காக இயந்திரத்தனமாக வெளியே அனுப்பக் கூடாது, முதலில் முறையான விசாரணை வேண்டும், எத்தனை ஆண்டு பணியாற்றினார், எங்கெல்லாம் கடினமான இடங்களில் இருந்தார், பென்ஷனுக்கு எவ்வளவு நெருங்கிவிட்டார் என்பதையும் பார்க்க வேண்டும் என்றது. நல்ல தீர்ப்பு. ஆனால் அதைக் கொண்டு நிவாரணம் பெற, வெளியே அனுப்பப்பட்டவர் வழக்குப் போட்டாக வேண்டும்.

வேறுபாட்டுக்குச் சொல்லப்படும் நியாயங்கள்

எதிர்த் தரப்பின் வாதங்களையும் அவற்றின் முழு பலத்தோடு பார்க்க வேண்டும். அவை வெறும் சாக்குகள் அல்ல.

1. கட்டளைச் சங்கிலி உடையக் கூடாது. தன் கேப்டன் 20 நாள் சிறையில் இருந்துவிட்டு வந்ததைப் பார்த்த பிளட்டூன், அதாவது அவருக்குக் கீழுள்ள சிறு படைப்பிரிவு, அடுத்த வாரம் அவர் சொன்னதும் தோட்டாக்களுக்கு நடுவே ஓடுமா? அதனால்தான், தலைமை வகிக்கத் தகுதி இல்லையென்றால் அதிகாரியைப் பதவியிலிருந்தே நீக்கிவிடு, பதவியில் வைத்துக்கொண்டே சிறுமைப்படுத்தாதே என்பது பழைய கொள்கை. இந்தியச் சட்டத்தில் ஓர் அதிகாரியைச் சிறைக்கு அனுப்ப வேண்டுமானால் முதலில் அவர் பதவியைப் பறித்தாக வேண்டும். சீருடையோடு அவர் சிறைக்குப் போவதில்லை.

2. அதிகாரிக்குக் கூடுதல் குற்றங்கள் உண்டு. 'அதிகாரிக்குத் தகாத நடத்தை' என்ற குற்றத்தை ஒரு சிப்பாய் செய்யவே முடியாது. அமெரிக்காவில் அதிபரை இழிவாகப் பேசுவது 88-வது விதியின்படி குற்றம், ஆனால் அதிகாரிகளுக்கு மட்டும். வியட்நாம் போரை எதிர்த்துப் பேசிய ராணுவ மருத்துவர் ஒருவர், ஒரு கேப்டன், இப்படிப்பட்ட விதிகளின் கீழ் சிறைக்குப் போனார். அந்த விதிகள் செல்லும் என்று 1974-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது.

3. கண்டனம் என்பது அதிகாரிக்குச் சின்ன விஷயம் அல்ல. மேலே போகப் போக இடங்கள் குறையும். பதிவில் ஒரு கடும் கண்டனம் இருந்தால் அடுத்த பதவி உயர்வு அநேகமாகக் கிடைக்காது. கடற்படைகளில் இது இன்னும் கடுமை. 2017-ல் இரண்டு அமெரிக்கப் போர்க்கப்பல்கள் சரக்குக் கப்பல்களோடு மோதி மொத்தம் 17 மாலுமிகள் இறந்தபோது, கப்பல் தலைவர்களோடு, அந்தப் பகுதியின் 7-வது கடற்படைப் பிரிவுக்குத் தலைமை வகித்த வைஸ் அட்மிரலும் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். அவர் எந்தக் கப்பலிலும் இல்லை.

ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் இந்த வாதத்தை ஒரு கட்டத்தில் ஏற்றது. நெதர்லாந்தைச் சேர்ந்த ஐந்து கட்டாயச் சேவைச் சிப்பாய்கள் தொடுத்த வழக்கில் 1976-ல் தீர்ப்பு வந்தது. ஒரே பெயர் கொண்ட காவல் தண்டனையை அதிகாரி தன் வீட்டில் கழிக்கலாம், சிப்பாய் முகாமில் அடைபட்டுக் கழிக்க வேண்டும் என்பது போன்ற வேறுபாடுகள் அன்றைய டச்சுச் சட்டத்தில் இருந்தன. ராணுவம் படிநிலை கொண்ட அமைப்பு, பதவிக்கேற்பப் பொறுப்பு மாறுகிறது, அதனால் ஒழுங்கு நடவடிக்கையில் சில ஏற்றத்தாழ்வுகள் இருக்கலாம் என்று நீதிமன்றம் சொன்னது.

இந்த நியாயத்தில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. பொறுப்பு அதிகம் என்றால் தண்டனை எந்தப் பக்கம் போக வேண்டும்? அதிக சம்பளம், அதிக அதிகாரம், அதிக பயிற்சி பெற்ற ஒருவர் அதே தவறைச் செய்தால் அது கூடுதல் குற்றம் என்றுதானே யாரும் நினைப்பார்கள்? பொறுப்பைக் காரணமாகக் காட்டி வீட்டுக் காவலை நியாயப்படுத்துவது, பொறுப்பு என்ற கருத்தையே தலைகீழாக்குகிறது. முதல் வாதம், அதாவது கட்டளைச் சங்கிலி பற்றியது, உண்மையிலேயே வலுவானது. ஆனால் அது சிறைக்குப் பதிலாகப் பதவி நீக்கம் என்பதைத்தான் நியாயப்படுத்தும். சிறைக்குப் பதிலாக ஒரு கடிதம் என்பதை அது நியாயப்படுத்தாது.

நீதிமன்றத்துக்கு முன்பே முடிந்துவிடும் வழக்குகள்

இப்போது எழுதப்படாத வேறுபாட்டுக்கு வருவோம். உயர் அதிகாரிகள் கோர்ட் மார்ஷல் வரை வருவது ஏன் இவ்வளவு அபூர்வம்? அமெரிக்க விமானப்படை 1947-ல் தனிப் படையானது. அதில் ஒரு ஜெனரல் கோர்ட் மார்ஷலில் குற்றவாளி என்று தீர்க்கப்பட்டது முதல் முறையாக 2022-ல்தான், பாலியல் அத்துமீறல் வழக்கில். தண்டனை: கண்டனமும், 5 மாதத்துக்கு மாதம் 10,910 டாலர் பிடித்தமும். இத்தனை ஆண்டுகளில் எந்த ஜெனரலும் தவறே செய்யவில்லை என்று எடுத்துக்கொள்ள முடியாது. காரணங்கள் வேறு.

முதலாவது, சாட்சியத்தின் தன்மை. காவலில் தூங்கிய சிப்பாயை ஹவில்தார் கண்ணால் பார்க்கிறார், அன்று மாலையே வழக்கு தயார். ஒரு கர்னலின் தவறு அப்படித் தெரிவதில்லை. அது செய்யாமல் விட்ட ஒரு மேற்பார்வையில் இருக்கும், வாய்மொழியாகச் சொன்ன ஒரு குறிப்பில் இருக்கும், படிக்காமல் கையெழுத்திட்ட ஓர் அறிக்கையில் இருக்கும். கீழ்மட்டத் தவறு ஒரு செயல், மேல்மட்டத் தவறு பெரும்பாலும் ஒரு செய்யாமை. எந்தச் சட்டத்துக்கும் செயலை நிரூபிப்பது எளிது.

இரண்டாவது, விசாரிக்க ஆள் கிடைப்பது. குற்றம் சாட்டப்பட்ட அதிகாரியைவிடக் குறைந்த பதவியில் இருப்பவர்கள், முடிந்தவரை, அவரை விசாரிக்க உட்காரக் கூடாது என்பது இந்திய விதி. மற்ற ராணுவங்களிலும் இதுபோன்ற விதி உண்டு. ஒரு லெப்டினன்ட் ஜெனரலை விசாரிக்க எத்தனை பேர் தகுதியாக இருப்பார்கள்? இருப்பவர்களும் ஒரே காலகட்டத்தில் பயிற்சி பெற்று ஒன்றாக மேலே வந்தவர்களாக இருப்பார்கள்.

மூன்றாவது, வெளியேறும் வழிகள். இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமானது. ஒரு மூத்த அதிகாரி மீது புகார் வந்தால் அவரை அமைதியாக ஓய்வுபெற வைப்பது நிறுவனத்துக்கும் வசதி, அவருக்கும் வசதி. 2014-ல் ஓர் அமெரிக்க பிரிகேடியர் ஜெனரல், கீழ்நிலை அதிகாரியோடு கொண்ட தகாத உறவு உள்ளிட்ட குற்றங்களை ஒப்புக்கொண்டார். கோர்ட் மார்ஷல் கொடுத்தது கண்டனமும் 20,000 டாலர் அபராதமும். பின்னர் இரண்டு படி இறக்கி, லெப்டினன்ட் கர்னலாக அவருக்கு ஓய்வு கொடுத்தார்கள். அந்த இறக்கத்தைச் செய்தது நீதிமன்றம் அல்ல, நிர்வாகம். இந்தியாவிலும் அதிகாரிகள் விஷயத்தில் 'கடும் அதிருப்தி' என்று பதிவு செய்யும் நிர்வாக முறை உண்டு. விசாரணை, சாட்சி, தீர்ப்பு எதுவும் இல்லாமல் கோப்பு மூடப்படும். மூன்று வழிகள் என்று முதலில் சொன்னோமே, அதில் மூன்றாவது வழி மேலே இருப்பவர்களுக்கு அகலமாகத் திறந்திருக்கிறது. ஜவானுக்கு அதே மூன்றாவது வழி திறக்கும்போது அது சிவப்பு மையாக வந்து நிற்கிறது.

நான்காவது, முடிவெடுப்பவரின் சொந்தப் பங்கு. ஒரு யூனிட்டில் நடந்த கொடுமையை விசாரிக்கும் மேலதிகாரியே அந்த யூனிட்டின் மேற்பார்வைக்குப் பொறுப்பானவர். விசாரணை மேலே ஏறினால் தன் மேஜையிலும் வந்து நிற்கும் என்பது அவருக்குத் தெரியும். வியட்நாமில் 1968 மார்ச் 16 அன்று மை லாயில் நூற்றுக்கணக்கான கிராமத்தவர்கள் கொல்லப்பட்டதை ராணுவம் ஓராண்டுக்கு மேல் மூடி மறைத்தது. கடைசியில் குற்றவாளி என்று தீர்க்கப்பட்டவர் ஒரே ஒரு லெப்டினன்ட். அவருக்கு மேலிருந்த கேப்டனும் பிரிகேட் கர்னலும் விடுதலையானார்கள். டிவிஷனுக்குத் தலைமை வகித்த மேஜர் ஜெனரல் ஒரு படி இறக்கப்பட்டு ஒரு பதக்கத்தை இழந்தார், அவ்வளவுதான்.

மை லாய் வழக்கில் இன்னொரு விஷயமும் உண்டு. அமெரிக்க ராணுவ ஆணையம் ஒன்று அளித்த தீர்ப்பின்படி ஜப்பானிய ஜெனரல் யமஷிதா 1946-ல் தூக்கிலிடப்பட்டார். பிலிப்பைன்ஸில் அவர் படையினர் செய்த கொடுமைகளைத் தடுக்கத் தவறினார் என்பதுதான் குற்றச்சாட்டு, அவரே உத்தரவிட்டார் என்பது அல்ல. 25 ஆண்டு கழித்துத் தங்கள் சொந்த கேப்டனை விசாரித்தபோது, கொலைகள் நடப்பது அவருக்கு உண்மையிலேயே தெரிந்திருந்தால்தான் குற்றம் என்று நடுவர்களுக்குச் சொல்லப்பட்டது. சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தின் ரோம் சட்டம், 28-வது விதியில், ஒரு தளபதிக்குத் தெரிந்திருந்தாலும் தெரிந்திருக்க வேண்டிய நிலை இருந்தாலும் பொறுப்பு உண்டு என்கிறது. எதிரித் தளபதிக்குப் பொருந்திய அளவுகோலை ராணுவங்கள் தங்கள் சொந்த அதிகாரிகளுக்கும் பயன்படுத்தியிருந்தால், அபு கிரைப் பட்டியல் வேறு மாதிரி இருந்திருக்கும் என்று நான் நம்புகிறேன்.

எது மாறியது, எது மாறவில்லை

மாற்றமே நடக்கவில்லை என்று சொல்லிவிட முடியாது. இரண்டாம் உலகப் போர் முடிந்து திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்களின் கோபம், 1946-ல் ஜெனரல் டூலிட்டில் தலைமையில் ஒரு குழு அமைக்கும் அளவுக்குப் போனது. நீதி வழங்குவதில் அதிகாரிக்கும் சிப்பாய்க்கும் சமமான நடைமுறை வேண்டும் என்று அந்தக் குழு சொன்னது. 1951-ல் நடைமுறைக்கு வந்த புதிய ராணுவச் சட்டத்தில், சிப்பாய் ஒருவர் கேட்டால் கோர்ட் மார்ஷல் நடுவர்களில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு சிப்பாய்கள் இருக்க வேண்டும் என்ற விதி இடம்பெற்றது.

1997-ல் ஐரோப்பிய நீதிமன்றம் பிரிட்டனின் பழைய கோர்ட் மார்ஷல் முறை நியாயமான விசாரணை அல்ல என்று தீர்த்தது. குற்றச்சாட்டை முடிவு செய்தவர், நடுவர்களை நியமித்தவர், தண்டனையை உறுதி செய்தவர் எல்லாம் ஒரே அதிகாரி, நடுவர்கள் அவருக்குக் கீழே இருந்தவர்கள் என்பதே காரணம். கனடா 2022-ல் சுருக்க விசாரணையிலிருந்து காவல் தண்டனையை எடுத்தேவிட்டது. ஜெர்மனியில் ஒழுங்கு நடவடிக்கைக் காவல் அதிகபட்சம் 3 வாரம், அதற்கும் ஒரு நீதிபதி முன்கூட்டியே ஒப்புதல் தர வேண்டும். குற்ற வழக்குகள் அங்கே சாதாரண நீதிமன்றங்களுக்கே போகின்றன. இப்படிச் செய்தும் இந்த ராணுவங்களில் கட்டுப்பாடு குலைந்துவிடவில்லை.

அமெரிக்காவில் 2023 டிசம்பர் இறுதியிலிருந்து கொலை, பாலியல் வன்முறை போன்ற கடும் குற்றங்களில் வழக்குத் தொடுப்பதா வேண்டாமா என்பதை கமாண்டர் முடிவு செய்வதில்லை. கட்டளைச் சங்கிலிக்கு வெளியே உள்ள சிறப்பு வழக்கறிஞர்கள் முடிவு செய்கிறார்கள். நான் மிக முக்கியமாகக் கருதும் சீர்திருத்தம் இது. தண்டனைப் பட்டியலைத் திருத்துவதைவிட, எந்த வழியில் வழக்கை அனுப்புவது என்ற அந்த முதல் முடிவை வேறு கைக்கு மாற்றுவதுதான் மேலே இருப்பவரையும் கீழே இருப்பவரையும் ஒரே வாசலுக்குக் கொண்டுவரும்.

இந்தியாவில், ராணுவத்தினருக்கு ஒரு மேல்முறையீடாவது இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1982-லேயே வலியுறுத்தியது. ஆயுதப்படைத் தீர்ப்பாயத்துக்கான சட்டம் 2007-ல்தான் வந்தது, தீர்ப்பாயம் 2009-ல் செயல்படத் தொடங்கியது. அதிகாரிகளுக்கும் ஜவான்களுக்கும் அது பெரிய வாசல்தான். ஆனால் சமரி கோர்ட் மார்ஷல் கொடுத்த தண்டனையில் பணிநீக்கம் இருந்தாலோ 3 மாதத்துக்கு மேல் சிறை இருந்தாலோ மட்டும்தான் அந்த வாசல் திறக்கும். கமாண்டிங் ஆபீசர் தன் மேஜையிலிருந்து கொடுத்த 28 நாளும் அதற்குள் வராது. துறைக்குள்ளேயே மனு கொடுக்கலாம், உயர் நீதிமன்றத்தில் ரிட் போடலாம். எல்லைக் காவலில் இருக்கும் ஒரு ஜவானுக்கு இரண்டாவது வழி எவ்வளவு தூரம் என்று சொல்லத் தேவையில்லை. வக்கீல் இல்லாமல், தன் சொந்த மேலதிகாரி முன் நடந்த விசாரணைக்கு எதிராகத்தான் மேல்முறையீடு மிக அதிகமாகத் தேவைப்படுகிறது. அந்த 3 மாத எல்லையை எடுத்துவிட்டு, எந்த நாளுக்கான சிறைத் தண்டனையாக இருந்தாலும் தீர்ப்பாயத்துக்குப் போகலாம் என்று சட்டத்தைத் திருத்த வேண்டும். ஒரு கமாண்டரின் எந்த உத்தரவையும் அது பலவீனமாக்காது.